படிக்கட்டின் கீழ் நிற்கும் மிதிவண்டி

பெங்களூரின் பழைய வீடுகளில் படிக்கட்டுக்கு அடியிலும், அடுக்ககங்களின் வாகன நிறுத்தத்தில் ஏதேனும் ஒரு மூலையிலும், காற்றிழந்த சக்கரங்களுடன் கறுப்பு மிதிவண்டி ஒன்று நிற்பதைக் காணலாம். தந்தையார் எச்.எம்.டி.க்கோ ஐ.டி.ஐ.க்கோ பணிக்குச் சென்று வந்த வண்டியாக அது இருக்கக்கூடும். பழைய இரும்புக்குப் போட்டால் எடைக்குரிய சிறு தொகை கிடைக்கும். அவ்வாறு போடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்கிப் பார்க்கலாம் என்பது நம் கருத்து. 2023 அக்டோபரில் ஊதா வழித்தடம் செல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை முழுமையாக இயங்கத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடமும் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது. வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் வரையுள்ள இரண்டு, மூன்று கிலோமீட்டர் தொலைவுக்கு நாள்தோறும் ஆட்டோவுக்குக் கொடுக்கும் தொகையை மாதக் கணக்கில் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்த வண்டியின் மதிப்பு விளங்கும்.

இவ்வகை வண்டிகளுக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்னும் ஐயம் பலருக்கு உண்டு. 1951இல் சோனிபத்தில் தொடங்கப்பட்ட அட்லஸ் நிறுவனம், தனது சாகிபாபாத் தொழிற்சாலையை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது. அது உலக மிதிவண்டி நாளாகவும் அமைந்துவிட்டது. ஆயினும் அட்லஸ் வண்டி வைத்திருப்பவர்கள் கலங்க வேண்டியதில்லை. அம்பத்தூரில் டி.ஐ. நிறுவனம் செய்த ஹெர்குலிஸ், லூதியானாவில் செய்யப்பட்ட ஹீரோ, அட்லஸ் ஆகிய யாவும் பழைய ஆங்கிலேய வண்டியின் அமைப்பையே பின்பற்றியவை. ஆகவே ஒன்றின் பெடலும் செயினும் பிரேக் கட்டையும் பெரும்பாலும் மற்றொன்றுக்குப் பொருந்தும். பெயர்ப்பலகை மறைந்தாலும் பாகங்கள் மறையவில்லை.

வேலையைத் தொடங்குமுன் வண்டியின் உடலைப் பார்த்தாக வேண்டும். தூசியைத் துடைத்து, வெளிச்சத்தில் நிறுத்தி, ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாயோடு மற்ற குழாய்கள் இணையும் இடங்களையும், முன் ஃபோர்க்கின் தலைப்பகுதியையும் கூர்ந்து நோக்குக. பெயின்ட் கொப்பளித்தோ மயிரிழை போன்ற கோடு ஓடியோ காணப்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுவது நலம். ஓடும்போது முன் ஃபோர்க் முறிந்தால் ஓட்டுபவர் தலைகுப்புற வீழ்வார். அத்தகைய வண்டிக்கு வெல்டிங் வைத்துப் பணத்தைச் செலவிடுவதைவிடப் பழைய இரும்புக் கடையே தக்க இடம். மேற்பரப்பில் மட்டும் படிந்த துரு அஞ்சத்தக்கதன்று. குரோம் பூசிய பாகங்களில் அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்துத் தேய்த்தாலே பெருமளவு நீங்கிவிடும்.

டயர் வாங்கும்போது அளவில் கவனம் தேவை. கடையில் வாய்மொழியாக '28 இஞ்ச்' என்று மட்டும் கேட்பது போதாது. பழைய கறுப்பு வண்டியின் டயரில் 28 × 1½ என்று பொறித்திருக்கும். அதன் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இக்காலத்து நவீன வண்டிகளில் 28 இஞ்ச் எனப்படுவதன் விட்டமோ 622 மில்லிமீட்டர். இந்த 13 மில்லிமீட்டர் வேறுபாட்டால் ஒன்று மற்றொன்றில் ஏறாது. 26 × 1⅜ அளவுக்கும் மலைவண்டியின் 26 இஞ்ச் அளவுக்கும் இடையே இதைவிடப் பெரிய வேறுபாடு உண்டு. பழைய டயரையே கையோடு கொண்டுசெல்வது எளிய வழி.

பஞ்சர் ஒட்டும் முறையைப் பலரும் பார்த்திருப்பர். டியூபை நீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டு, உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவ வேண்டும். பெரும்பாலோர் அவசரப்படுவது இதற்கு அடுத்த நிலையில்தான். ஈரம் போய் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை ஐந்து நிமிடமேனும் காத்திருந்து, பிறகே பேட்சை வைத்து அழுத்த வேண்டும். டியூபை மீண்டும் மாட்டுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்ப்பது இன்றியமையாதது. குத்திய ஆணி அங்கேயே இருக்கக்கூடும். இந்நகரின் வெளிவட்டச் சாலையில் காந்தத்தைக் கொண்டு ஆணிகளைக் கிலோக் கணக்கில் பொறுக்கிச் சேர்த்த பொறியாளர் ஒருவரைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். ஆகவே இது மிகையான எச்சரிக்கை அன்று. நெடுநாள் நின்ற வண்டியில் பஞ்சர் எதுவும் இல்லாமலேயே காற்று இறங்கினால் வால்டியூப் கெட்டிருக்கலாம். சில ரூபாயில் முடியும் செலவு அது.

இனி பிரேக். இப்பகுதிக்கே நாம் கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்வோம். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில், ஏற்ற இறக்கமாக அமைந்த ஊர் இது. ஓடாத வண்டியால் யாருக்கும் தீங்கில்லை. நிற்காத வண்டி அவ்வாறன்று. ஆண்டுக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்ட ரப்பர்க் கட்டை கல்போல் இறுகிவிடும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியவில்லையெனில், தேயாமல் புதிதுபோல் தோன்றினாலும் அதை மாற்றிவிட வேண்டும். கட்டையைத் தாங்கும் உலோகக் கூட்டின் ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருக்கும். மூடிய முனை, அவ்விடத்தில் ரிம் சுழன்று செல்லும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால், அழுத்திப் பிடிக்கும் கணத்தில் ரப்பர் நழுவி வெளியே வந்துவிடும். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். கம்பி பிரேக்காயின் இணைப்புத் திருகுகள் ஒவ்வொன்றையும் முறுக்கிப் பார்க்க வேண்டும். ஒயர் பிரேக்காயின் பழைய ஒயரைத் தயங்காமல் மாற்றிவிடலாம். எல்லாம் செம்மையாக அமைந்தபின்னும் ஒன்றை மறத்தல் கூடாது: குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்துவிட்டால் வண்டி நிற்க எடுக்கும் தொலைவு பலமடங்காகும். ஜூன் முதல் அக்டோபர் வரை இறக்கங்களில் நிதானம் வேண்டும்.

செயினைக் கழற்ற, அதன் இணைப்புக் கண்ணியிலுள்ள கிளிப்பை மெல்ல நெம்ப வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திய செயினை நீட்டி வைத்து அளந்து பார்க்கலாம். ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே அரை இஞ்ச் என்பது கணக்கு. எனவே 24 கண்ணிகள் சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். அது 12⅛ இஞ்சை எட்டியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது என்று பொருள். புதிது வாங்குவதே முறை. மீண்டும் மாட்டும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் இருக்கட்டும். கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயை ஊற்றுவோர் உண்டு. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதையும், பெங்களூரின் மார்கழிக் காலைகள் எத்தகையவை என்பதையும் எண்ணிப் பார்த்தால் அந்த ஆசை போய்விடும். தையல் இயந்திர எண்ணெய் அதனினும் மேல்.

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டால் அதன் நடுவிலுள்ள பால்ஸ்களின் நிலை தெரிந்துவிடும். மணல் அரைபடுவது போன்ற உணர்வு இருந்தால் பிரித்துப் பழைய கிரீஸைத் துடைக்க வேண்டும். பிரிக்கும்போது கீழே ஒரு தட்டை வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை பால்ஸ் இருந்தன என்பதை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கமாக முன் சக்கரத்தில் பக்கத்துக்கு 10, பின் சக்கரத்தில் 9. புதிய கிரீஸில் பதித்துக் கோனை முறுக்கும்போது இறுக்கமும் கூடாது, ஆட்டமும் கூடாது. பழைய மெக்கானிக்குகளிடம் ஒரு சோதனை உண்டு. சக்கரத்தை மெல்ல அசைத்து விட்டுவிட்டால், வால்வின் எடையினாலேயே அது தானாகத் திரும்பி, வால்வு கீழே வந்து நிற்க வேண்டும்.

தொடக்க நிலையில் உள்ளவர்கள் தொடாமல் விடத்தக்க சில இடங்களும் உண்டு. ஃப்ரீவீலைக் கழற்றுவதற்குத் தனிக் கருவி வேண்டும். நடு ஆக்சிலின் வலப்பக்கக் கப்பில் மரை எதிர்த் திசையில் இருப்பதால், வழக்கப்படி திருகினால் மேலும் இறுகும். இடப்பக்கப் பெடலின் மரையும் அவ்வாறே எதிர்த் திசையிலானது. ஆனால் அதை அறிந்துகொண்டால் வீட்டிலேயே கழற்றிவிடலாம். மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்ற ஒலியுடன் கால் நழுவுவதுபோல் தோன்றினால் காட்டர் பின் தேய்ந்திருக்கும். அதைக் கழற்றக் கிரேங்குக்கு அடியில் உறுதியான முட்டுக்கொடுத்து அடிக்க வேண்டும். முட்டின்றி அடித்தால் அந்த அடியெல்லாம் பால்ஸ்களின் மேல் விழும். கை பழகும்வரை இதைத் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டு, அவர் செய்வதை அருகிலிருந்து பார்ப்பது நன்று.

செலவைப் பொறுத்தவரை, பாகங்களை வாங்குமுன்னரே பட்டியலிட்டு விலை விசாரிப்பது நல்லது. அத்தொகை, ஓடும் நிலையிலுள்ள பழைய வண்டி ஒன்றின் விலையை எட்டுமானால், நினைவுக்காகச் செய்கிறோமா சிக்கனத்துக்காகச் செய்கிறோமா என்று வீட்டில் பேசி முடிவெடுக்கலாம். இரண்டுமே தவறில்லை. மிதிவண்டியை வங்கிகள் சிறிய பொருளாக எண்ணியதும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அவர்கள் வண்டி வாங்க வங்கிகள் கடன் வழங்குவதற்கும் வழிசெய்தார்.

பழுது நீங்கிய வண்டியை முதல் நாளே பேருந்துகளின் நடுவே கொண்டுசெல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவுக்குள் மோட்டார் வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. அங்கே சமதளத்தில், முதலில் நடைவேகத்திலும் பின்னர்ச் சற்று விரைவாகவும் சென்று, இரு பிரேக்குகளையும் தனித்தனியே பிடித்துப் பார்க்கலாம். புதிதாக அடித்த காட்டர் பின் முதல் 20 கிலோமீட்டருக்குள் சற்றே உள்ளிறங்கித் தளர்வது இயல்பு. ஆகவே வீடு திரும்பியதும் அதன் நட்டையும் இரு சக்கரங்களின் நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை முறுக்கிவிட வேண்டும்.