கைக்கடிகாரக் கண்ணாடியில் வெள்ளைக் கறையா?

பத்துமலைக்குப் போகாத தோட்டத்துக் குடும்பம் உண்டா? 272 படிகளை ஏறிக் குகைக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். மேலே ஆலம் விழுதுகளைப் போலக் கற்கள் தொங்கும். "இதையெல்லாம் யார் செய்தார்கள் அம்மா?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. செய்தது தண்ணீர்தான். சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு இறங்கிய மழைநீர், சொட்டுச் சொட்டாக விழும்போது, தான் சுமந்து வந்த சுண்ணாம்பை அங்கேயே விட்டுச் சென்றது. அது சேர்ந்து சேர்ந்து கல்லாயிற்று.

அதே வேலையைத் தண்ணீர் உங்கள் வீட்டிலும் செய்துகொண்டிருக்கலாம். மகனோ மகளோ வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் இருந்தால், அதன் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா?

இன்று பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் பெற்றோருக்கு இந்தக் கடிகாரத்தை ஆசையோடு வாங்கித் தருகிறார்கள். நாடித் துடிப்பைக் காட்டும். நடந்த தூரத்தைச் சொல்லும். நல்லதாக வாங்கினால் சில நூறு வெள்ளி ஆகும். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது என்றாலும், சில நூறு வெள்ளி என்பது பல நாள் உழைப்பு அல்லவா? கறையால் கடிகாரம் கெடுவது அபூர்வம். கறையைப் போக்கும் அவசரத்தில்தான் பலர் அதைக் கெடுத்துவிடுகிறார்கள்.

கறை எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டுக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருவது. அதில் சுண்ணாம்பு குறைவு. ஆனால் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கு, பெர்லிஸ் போன்ற சுண்ணாம்புக் குன்றுகள் உள்ள பகுதிகளில் கிணற்றுத் தண்ணீர் கடின நீராக இருக்கும். சவர்க்காரம் சரியாக நுரைக்கவில்லையா? தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியானால் உங்கள் தண்ணீர் கடின நீர்தான்.

கறைகள் எல்லாம் ஒன்றல்ல. வியர்வை உப்பு ஈரத் துணியால் துடைத்தாலே போய்விடும். கீறல் நகத்தில் தட்டுப்படும். ஈரமாக இருக்கும்போது மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் வெள்ளையாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது சுண்ணாம்புக் கறை.

செய்யக் கூடாதவை

சாம்பல், தேங்காய் நார், பல் பசை ஆகியவற்றால் தேய்க்காதீர்கள். மணல் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது. சாம்பலில் ஒரு துகள் இருந்தாலும் கோடு விழும். சோடா மாவும் பயன்படாது. சுண்ணாம்பைக் கரைப்பது புளிப்பு. சோடா மாவோ புளிப்பை முறித்துவிடும்.

புளிப்பு என்றதும் ஸ்டோரில் உள்ள ஆசிட்டை நினைக்காதீர்கள். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் தோலைப் பொசுக்கும். கடிகாரத்துக்கு அது ஆகவே ஆகாது.

செய்ய வேண்டியவை

1. கடிகாரத்தை அணைத்து, சார்ஜரிலிருந்து எடுத்துவிடுங்கள். வாரைக் கழற்றி வையுங்கள்.

2. மூக்குக் கண்ணாடி துடைக்கும் மென்மையான துணியைச் சுத்தமான மழைநீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கண்ணாடிமேல் இரண்டு நிமிடம் போட்டு வையுங்கள். ஆர்.ஓ. தண்ணீரும் ஆகும், மினரல் வாட்டர் வேண்டாம், அதிலும் தாதுக்கள் உண்டு. பிறகு மெதுவாகத் துடையுங்கள். புதிய கறை இதிலேயே குறையும். கடிகாரம் செய்பவர்கள் தங்கள் குறிப்பேட்டில் பெரும்பாலும் இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

3. அப்படியும் போகாவிட்டால்தான் வினிகர். மலாயில் சுக்கா என்கிறோமே, அந்த வெள்ளை வினிகர் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு தேக்கரண்டி. துணியின் நுனியை அதில் தொட்டு, சொட்டாதபடி பிழிந்து, கறையின்மேல் மட்டும் அரை நிமிடம் ஒற்றி வையுங்கள். பொத்தான், ஒலி வரும் துளை, பின்புறத்தில் சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளி ஆகியவற்றின் பக்கம் போகக் கூடாது. கடிகாரத்தை வினிகரில் ஊற வைப்பதும் கூடாது.

4. அழுத்தாமல் துடைத்து, வேறொரு துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து இரண்டு மூன்று முறை துடையுங்கள். கடைசியாக உலர்ந்த துணி. கறை மிச்சமிருந்தால் இன்னொரு முறை செய்யலாம்; நேரத்தை மட்டும் நீட்டாதீர்கள்.

இதை அடிக்கடி செய்யக் கூடாது. கைரேகை ஒட்டாமலிருக்கக் கண்ணாடிமேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். வினிகர் அதை மெல்ல மெல்ல அரித்துவிடலாம். கறை படிந்தது மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளில் என்றால், தாளை மாற்றிவிடுவதே எளிது. இன்னொரு எச்சரிக்கை: வினிகரையும் துணி வெளுக்கும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து விஷவாயு கிளம்பும்.

வருமுன் காப்போம்

குளிக்கும்போது கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். 50 மீட்டர் ஆழம் தாங்கும் என்று எழுதியிருக்கலாம். அது சவர்க்காரத்துக்கும் சுடுநீருக்கும் சேர்த்து எழுதியதல்ல. அந்தத் தாங்கும் சக்தியும் நாளாக நாளாகக் குறையும். கை கழுவினால், நீர்த்துளி உலர்வதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். துளி உலர்ந்தால்தானே சுண்ணாம்பு தங்கும்?

பின்புறத்தையும் மறக்காதீர்கள். நாடி பார்க்கும் விளக்கு அங்கேதான் இருக்கிறது. வியர்வையும் அழுக்கும் அதை மூடினால் கணக்குத் தவறலாம். தோலிலும் அரிப்பு வரலாம். எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் கடிகாரம் டாக்டர் ஆகிவிடாது. நெஞ்சு வலித்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்று மாலை வேலை முடிந்து வந்ததும், பிள்ளை தந்த அந்தக் கடிகாரத்தைக் கழற்றி ஒரு முறை துடைத்து வையுங்கள். அரை நிமிட வேலைதான். பல நாள் சம்பளத்தை அது காப்பாற்றும்.