ஐந்தில் இரண்டு: ஒரு பிழையான விடையும் கட்டுருவாக்கவாதமும்

நான் தமிழ் படித்து வந்தவன். கணிதம் என் பாடமல்ல. கணித ஆசிரியர் லீவில் இருந்த சில வாரங்கள் தரம் 7 வகுப்பு என் தலையில் விழுந்தது. செயலமர்வுகளில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன 'கட்டுருவாக்கவாதம்' என்ற சொல்லின் பொருள் அங்கேதான் எனக்கு விளங்கியது.

1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவன் 2/5 என்று எழுதியிருந்தான். பிழை போட்டுவிட்டு, "பொ.ம.சி. கண்டு செய்யுங்க" என்றேன். அடுத்த நாளும் அதே வகைப் பிழை. மூன்றாம் நாள் அவன் கொப்பியைக் காட்டவே வரவில்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றுதான் கேட்டேன்.

"என்ன மகன், இந்த விடை எப்பிடி வந்த?"

"ஒரு டெஸ்ட்ல ரெண்டு கேள்வில ஒண்டு சரி. அடுத்ததுல மூணுல ஒண்டு சரி. எல்லாமா அஞ்சுல ரெண்டுதானே சேர்? நீங்களும் அப்பிடித்தானே மார்க்ஸ் கூட்டுற?"

எனக்குப் பதில் வரவில்லை. புள்ளி கூட்டும்போது அவன் சொன்னது சரிதான். அங்கே இரண்டு கேள்வியும் மூன்று கேள்வியும் சேர்ந்து முழுமையே ஐந்தாகிவிடுகிறது. பின்னக் கூட்டலிலோ இரண்டும் ஒரே முழுமையின் பங்குகள். ஓரிடத்துக்குப் பொருந்தும் விதியை அவன் இன்னோரிடத்துக்குக் கொண்டுபோயிருந்தான், அவ்வளவுதான்.

கட்டுருவாக்கவாதம் சொல்வதும் இதைத்தான். பிள்ளை வெறும் பாத்திரமாக வகுப்புக்கு வருவதில்லை. ஏற்கெனவே உள்ள அறிவின் மீதே புதியதைக் கட்டுகிறது. பழைய கட்டமைப்புக்குள் புதியதை அடக்கிக்கொள்வதைப் பியாஜே தன்மயமாக்கல் என்றார். அடங்காதபோது கட்டமைப்பையே மாற்றிக்கொள்வது தன்னமைவாக்கல். அவர் பிறந்த அதே 1896இல் பிறந்த வைகொட்ஸ்கி, தனியே செய்ய முடியாததைப் பிள்ளை பிறர் துணையோடு செய்துவிடும் என்பதை வலியுறுத்தினார்.

அடுத்த பாடவேளையில் பொ.ம.சி. பற்றி நான் வாயே திறக்கவில்லை. குழுவுக்கு ஒன்றாகச் சம நீளமான கடதாசிப் பட்டிகளைக் கொடுத்து, "இது ஒரு ரொட்டி. காலையில அரைவாசி, பின்னேரம் மூன்றிலொன்று சாப்பிட்டா எவ்வளவு முடியும்?" என்றேன். மடித்தார்கள், நிறம் தீட்டினார்கள், சண்டையும் பிடித்தார்கள். திடீரென்று அந்த மாணவன், "சேர், ஐந்தில் ரெண்டு அரைவாசிய விடக் குறைவு! கூட்டினா எப்பிடிக் குறையும்?" என்றான்.

விதியை நான் பத்துத் தரம் சொல்லியும் நடக்காதது அந்த ஒரு கேள்வியில் நடந்தது. பட்டியை ஆறாகப் பிரித்தால் அரையும் வரும், மூன்றிலொன்றும் வரும் என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். 3/6, 2/6, மொத்தம் 5/6. அதன் பிறகே, "இந்த ஆறுக்குப் பேர்தான் பொ.ம.சி." என்றேன்.

மறுநாள் வாரிசுரிமைக் கணக்கு ஒன்று கொடுத்தேன். பிள்ளைகளை விட்டு மௌத்தானவரின் தாய்க்கு 1/6, மனைவிக்கு 1/8; இருவருக்கும் மொத்தம் எவ்வளவு? பழைய முறைப்படி கூட்டினால் 2/14, அதாவது 1/7. "உம்மாட பங்கே அத விடக் கூட" என்று சிரித்தார்கள். 7/24 என்ற விடையை அவர்களே கண்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலிலும் பெரும்பகுதி இத்தகைய மரணசாசன, வாரிசுரிமைக் கணக்குகளே.

2007இன் கலைத்திட்டச் சீர்திருத்தத்தோடு நம் பாடசாலைகளுக்கு வந்த '5 ஈ' முறையும் இந்த வழிதான்: ஈடுபடுத்தல், தேடியறிதல், விளக்குதல், விரிவாக்குதல், மதிப்பிடுதல். ஆனால் நம்மில் பலருக்கு அது டிமைத் தாள், மார்க்கர் பேனை, குழு நிகழ்த்துகை என்பதோடு முடிந்துவிட்டது. பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்காத வகுப்பில் எத்தனை டிமை ஒட்டினாலும் அது பழைய கற்பித்தலே. மறுபக்கம், பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடுவதும் கட்டுருவாக்கவாதமல்ல. பட்டியைத் தெரிவு செய்ததும், பொ.ம.சி. என்ற பெயரைச் சொன்னதும் ஆசிரியர் வேலைதான்.

நேரம் போதாது என்பது நியாயமான முறைப்பாடு. நாற்பது பிள்ளைகளையும் நாற்பது நிமிடத்தையும் வைத்து எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது. ஆனால் "எப்பிடி வந்த?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அதைக் கேட்காமல் நான் போட்ட பிழைகள் எத்தனை பிள்ளைகளின் கொப்பியை மூட வைத்தனவோ! சாதாரண தரத்தில் கணிதம் தவறி உயர்தரத்தின் வாசலில் நின்றுவிடும் நம் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் அந்த எண்ணம்தான் வருகிறது.

கணித ஆசிரியர் திரும்பி வந்த பிறகும், அந்த மாணவன் சில நாட்களில் கொப்பியோடு என் மேசைக்கு வருவான். இப்போதெல்லாம் விடையைச் சொல்லுமுன் காரணத்தைச் சொல்கிறான்.