பழைய அச்சுநூல்களிற் பண்டைச் சின்னம்

நூலின் உட்பொருளை நாடுவோர் முகப்பேட்டுச் சித்திரத்தை வெறும் அலங்காரமெனக் கருதிக் கடந்து செல்வது வழக்கம். ஐரோப்பாவின் பழைய அச்சுநூல்களைப் பொறுத்தவரை இக்கருத்துப் பொருந்தாது. அவற்றிற் காணப்படும் இலச்சினைகள் சில, தொன்மையான உருவங்களுக்குப் புதுப்பொருள் ஏற்றியமையால் எழுந்தவை. வெனிஸ் நகர அச்சாளரும் கிரேக்கமொழிப் புலவருமாகிய ஆல்டஸ் மனூசியஸ் 1502 முதல் வழங்கிய இலச்சினை இதற்குத் தக்க சான்றாகும்.

நங்கூரமொன்றை ஓங்கில் மீன் சுற்றி வளைந்திருப்பதே அச்சின்னம். உரோமப் பேரரசன் தீத்தஸ் கி. பி. 80இல் வெளியிட்ட வெள்ளி நாணயங்களில் இவ்வுருவம் உண்டு. அத்தகைய பழைய நாணயமொன்றைப் பியெத்ரோ பெம்போ என்னும் அறிஞர் ஆல்டசுக்கு வழங்கினாரென எராஸ்மஸ் குறிப்பிடுகின்றார்.

ஓங்கில் விரைவையும் நங்கூரம் நிலைபேற்றையும் குறிப்பன; இரண்டும் இணைந்து, 'மெல்ல விரைக' என்னும் பொருள் தருமென மறுமலர்ச்சிக்கால அறிஞர் கொண்டனர். இம்முதுமொழி ஒகஸ்தஸ் பேரரசனுக்கு உவப்பானதெனப் பண்டை வரலாறு கூறும். ஆயினும் நாணயத்தில் அம்மொழி இல்லை. அரசனின் பட்டங்களே பொறிக்கப்பட்டுள்ளன. சின்னத்தின் மூலத்தை எகிப்தியரின் சித்திர எழுத்துக்களிற் கண்டதாகவும் அவ்வறிஞர் எண்ணினர். அவ்வெழுத்துக்கள் ஒவ்வொன்றும் மறைஞானப் பொருள் குறிப்பன என்பது அவர்தம் நம்பிக்கை. அவற்றுட் பல ஒலிகளையே குறிப்பன என்பது, 1822இல் சம்போலியன் அவற்றைப் படித்தறிந்த பின்னரே தெளிவாயிற்று.

எனவே, பழமை தந்தது உருவம். பொருளை நிலைநாட்டியது அச்சகம். ஏட்டிலே ஒருவர் விட்ட பிழை அவ்வேட்டோடும் அதனைப் பார்த்தெழுதிய படிகளோடும் நிற்கும். அச்சிலே நேர்ந்த பிழையோ ஒரே நாளிற் பல நூறு படிகளிற் பரவும். அரிஸ்டோட்டில் முதலியோரின் கிரேக்க நூல்களை அச்சேற்றிய ஆல்டசுக்கு இவ்விடர் நன்கு தெரியும். விரைந்து பரப்புதலும் பொறுமையுடன் திருத்துதலும் ஒருங்கே வேண்டும் என்பதையே ஓங்கிலும் நங்கூரமும் உணர்த்தின.

அவ்வுறுதிமொழியின் மதிப்பு, அதனைக் களவாடியோராலும் புலனாகின்றது. ஆல்டஸ் 1515இல் மறைந்தபின், புளோரன்ஸ் நகரத்தார் அவ்விலச்சினையைப் போலியாக இட்டு நூல் வெளியிட்டனர். உண்மைச் சின்னத்தில் ஓங்கிலின் தலை வலப்புறமும், போலியில் இடப்புறமும் திரும்பியிருத்தலை 1518இல் ஆல்டசின் அச்சகத்தார் சுட்டிக்காட்டி வாசகரை எச்சரித்தனர்.

ஆதலின், முகப்பேட்டிலுள்ள சிறு சித்திரம் கண்ணுக்கு விருந்தாவதோடு அமைவதன்று. இந்நூலை நம்பிக் கற்கலாம் என அச்சாளன் கற்போனுக்கு அளித்த வாக்குறுதியும் அதுவேயாம்.