வலையும் வழக்கும்: ரெக்சாஸ் கரையில் வியட்நாமிய மீனவர்

உயிர் தப்பி வந்தோர்க்குப் புகலிடம் கிடைத்தல் வேறு. அவ்விடத்தே உழைத்துண்ணும் உரிமை கிடைத்தல் வேறு. இவ்வுண்மையை அமெரிக்காவின் ரெக்சாஸ் கடற்கரையில் வாழ்ந்த வியட்நாமிய மீனவர் வரலாறு நன்கு விளக்கும். ஆயினும், அவ்வரலாற்றை அறிந்தோர் சிலரே.

1975ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள் சைகோன் நகர் வீழ்ந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ 130,000 அகதிகள் அமெரிக்காவிற் புகலடைந்தனர். அவருட் சிலர் மெக்சிக்கோ வளைகுடாக் கரையிற் குடியேறி, இறாலும் நண்டும் பிடிக்கும் தொழிலை மேற்கொண்டனர். குடும்பமாய் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு படகுகளும் வாங்கினர்.

எரிபொருள் விலை ஏறியிருந்த காலம் அது. அக்கரை மீனவரிடையே வழங்கிய எழுதாத கடல் வழக்கங்களை வந்தோர் அறிந்திலர். இவற்றால் எழுந்த தொழிற்பூசல் விரைவில் இனப்பகையாயிற்று. 1979ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் சீட்றிப்ற் என்னும் சிற்றூரில், நண்டுக்கூடு பற்றிய பிணக்கில் வெள்ளைய மீனவர் ஒருவர் சுடப்பட்டிறந்தார். அன்றிரவே வியட்நாமியர் படகுகள் எரியுண்டன. பலர் ஊரைவிட்டு அகன்றனர். குற்றஞ்சாட்டப்பெற்ற வியட்நாமியச் சகோதரர் இருவரும் தற்காப்பின் பொருட்டே அது நிகழ்ந்ததென யூரிமாரால் விடுவிக்கப்பெற்றனர்.

1981ஆம் ஆண்டில் இப்பகை கால்வெஸ்ரன் குடாவிலும் மூண்டது. கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையர் வெறிச்சங்கத்தார் பெப்ரவரி மாதக் கூட்டமொன்றிற் படகொன்றை எரித்துக் காட்டினர். மார்ச்சு மாதத்தில், அங்கி தரித்துப் படைக்கலம் ஏந்தி, தூக்கிலிட்ட உருவப் பொம்மையுடன் குடாவிற் படகோட்டி அச்சுறுத்தினர். மே 15ஆம் நாள் இறாற் பருவம் தொடங்குமுன் வியட்நாமியர் அகல வேண்டுமென்பதே அவர்தம் நோக்கம்.

மீனவரோ படைக்கலத்தை நாடாது நீதிமன்றத்தை நாடினர். நுவென் வன் நாம் என்பார் தலைமையிலமைந்த அவர்தம் சங்கம், தென்பகுதி வறியோர் சட்ட நடுநிலையத்தின் துணையுடன் ஹூஸ்ரன் நகரில் வழக்குத் தொடுத்தது. வழக்கை விசாரித்தவர் கபிரியேல் மக்டொனால்ட் அம்மையார். ரெக்சாசின் முதற் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதி. அவர் விலக வேண்டுமென எதிரிகள் கோரினர், அவர் அதற்கிணங்கிலர். பருவம் தொடங்குதற்கு முன்னாள் அவர் தடைக்கட்டளை பிறப்பித்தார். மீனவர் குறித்த நாளிற் கடலேகினர்.

அத்தீர்ப்புக்கு ஆதாரமான சட்டங்களுள் ஒன்று, விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகளைக் காத்தற்பொருட்டு 1866ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டமாகும். ஓரினம் துன்புற்றுப் பெற்ற காவல், நூற்றாண்டு கடந்து வேறோரினத்திற்குக் கவசமாயிற்று. உரிமை என்பது பெற்றவர்க்கு மட்டும் உரியதன்று. பின் வருவோர்க்கும் உரியது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.