பதின்மூன்று மில்லிமீற்றரும் அரை அங்குலமும்

அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர். பதின்மூன்று மில்லிமீற்றர் ஸ்பானர் அதன் மேல் போய் உட்காரும்; ஆனால் பிடிக்காது. கறள் ஏறிய போல்ற் என்றால் மூலைகள் மழுங்கிவிடும், பிறகு எந்த ஸ்பானருக்கும் அது அடங்காது. மில்லிக்கனில் சனிக்கிழமைகளில் தம் வாகனத்தைத் தாமே திருத்த முனையும் எம்மவர் பலர் இந்த 0.3 மில்லிமீற்றரோடு மல்லுக்கட்டியவர்கள்தாம்.

என்னுடன் தொழிற்சாலையில் வேலை செய்பவர் ஒருவர் 1980களில் செய்யப்பட்ட வட அமெரிக்கப் பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் என்னிடம் பௌதிகம் படித்தவர். ஒல்ரநேற்றரைப் பூட்டும்போது, "சேர், ரெண்டு சுத்து போகுது, அங்கால போகேல்லை" என்றார். "பலவந்தம் பண்ணாதையும் தம்பி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீட்டுப் பிடியைப் போட்டு இழுத்துவிட்டார். அலுமினியத் துவாரத்தின் புரி சுருளாக வெளியே வந்தது.

அவர் கையிலிருந்தது 5/16 அங்குல போல்ற், அதாவது 7.94 மில்லிமீற்றர். துவாரம் 8 மில்லிமீற்றருக்கு உரியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முன்னையதில் அங்குலத்துக்குப் 18 புரிகள். புரிக்குப் புரி இடைவெளி 1.41 மில்லிமீற்றர். பின்னையதில் 1.25. இரண்டு சுற்றுக்குள் மூன்றிலொரு மில்லிமீற்றர் பிசகிவிடும். விரிவுரை மண்டபத்தில் அலகு மாற்றத்தை வெறும் பெருக்கலாகவே நான் கற்பித்தேன். 25.4 ஆல் பெருக்கினால் எண் மாறும், இரும்பு மாறாது என்பதை எந்த மாணவருக்கும் சொன்னதாக நினைவில்லை.

இக்கலப்பு எமக்குப் புதிதன்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முதலாம் உலகப் போரின் பின் மொறிசுக்கு எஞ்சின் செய்தது, கொவென்றியில் இருந்த ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஆலை. அதன் இயந்திரங்கள் மெற்றிக் புரி வெட்டுபவை. ஆங்கிலேயக் கராஜ்களில் இருந்தவையோ விட்வேர்த் ஸ்பானர்கள். ஆகவே புரி மெற்றிக்காகவும் தலை விட்வேர்த்தாகவும் போல்ற் செய்தார்கள். 1923இல் மொறிஸ் அந்த ஆலையை வாங்கிய பின்னரும் அவ்வழக்கம் நீடித்து, 1948இன் முதல் மைனர் எஞ்சின் வரை வந்தது.

கனடா 1970இல் மெற்றிக் கொள்கையை வெளியிட்டது; 1977இல் வீதிப் பலகைகள் கிலோமீற்றருக்கு மாறின; 1985இல் மெற்றிக் ஆணைக்குழுவே கலைக்கப்பட்டது. இந்த அரைகுறைத்தனத்தை அமெரிக்கர்களின் கலாசாரப் பிடிவாதத்தின் நிழல் என்று விளக்கும் நண்பர்கள் உளர். எனக்கு அது போதவில்லை. கடைசல் இயந்திரங்களிலும் அளவுகருவிகளிலும் முடக்கிய முதலை எந்த முதலாளியும் ஒரே நாளில் வீசமாட்டார். ஜெனரல் மோட்டோர்ஸ் 1973இல் மெற்றிக்குக்கு மாற முடிவெடுத்தபோது, புதிதாக வடிவமைக்கும் பாகங்களை மட்டுமே மாற்றியது. இதனால் பழைய எஞ்சின் அங்குலத்திலும் அதைச் சுற்றிப் பூட்டியவை மில்லிமீற்றரிலும் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. இன்றைய ரயரைப் பாருங்கள்: 205/55R16 என்பதில் 205 மில்லிமீற்றர், 16 அங்குலம். மெற்றிக் சொக்கெற்றைச் சுழற்றும் சதுரக் கட்டையும் அரை அங்குலம்தான், ஜேர்மனியில் வாங்கினாலும்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. மெற்றிக் போல்ற்றின் தலையில் 8.8, 10.9 என எண் இருக்கும், 8.8 என்றால் 800 மெகாபஸ்கால் இழுவிசையைத் தாங்கும், அதன் 80 வீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். அங்குல போல்ற்றில் எண்ணுக்குப் பதிலாகக் கோடுகள்: மூன்று என்றால் ஐந்தாந் தரம், ஆறு என்றால் எட்டாந் தரம். கறளைச் சுரண்டாமல் இரண்டும் தெரியா.

பழுதான துவாரத்தைப் பெருப்பித்து, உருக்குச் சுருள் ஒன்றைச் செலுத்தி மீண்டும் எட்டு மில்லிமீற்றர் ஆக்கினோம். ஒரு பின்னேரம் முழுக்கப் போயிற்று. இப்போது தம்பி எஞ்சினின் அங்குலத் தலைகளுக்கெல்லாம் சிவப்புப் பூச்சு வைத்திருக்கிறார்.