கொலஸ்ட்ரோல் குளிசை கருத்தடையைக் கெடுக்குமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் கருத்தடை மாத்திரை அட்டையைக் கொடுப்பவர் மிட்வைஃப். கொலஸ்ட்ரோலுக்கு மருந்து எழுதுவதோ 2017இல் இந்திய உதவியுடன் புதுக் கட்டடம் கண்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை போன்ற இடத்துக் கிளினிக். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும் என்ற அவசரத்தில், மற்ற மாத்திரையைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. ஒன்று மற்றொன்றை முறித்துவிடுமோ என்ற பயம் மட்டும் வீடு வரை வருகிறது.

முறிக்காது. அட்டோர்வஸ்டட்டின், ரோசுவஸ்டட்டின் போன்ற ஸ்டட்டின் மாத்திரைகள் கருத்தடையின் பலத்தைக் குறைப்பதில்லை. ஹோர்மோன் அளவைச் சற்றுக் கூட்டவே செய்கின்றன. அட்டோர்வஸ்டட்டினோடு எடுக்கும்போது இரத்தத்தில் எதினைல் எஸ்ட்ராடியோல் ஏறத்தாழ 20 சதவீதம் உயரும். இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 30 மைக்ரோகிராம்தான் இருக்கிறது. அது 36 எடுத்ததுபோல ஆகும். பழைய மாத்திரைகளில் 50 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தன.

விதிவிலக்கு உண்டு. கொலஸ்டிரமின், கொலெசெவெலம் ஆகியவை குடலிலேயே பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுபவை. கூடவே கருத்தடை ஹோர்மோனையும் இழுத்துப் போகலாம். அதனால் கருத்தடை மாத்திரையை அவற்றுக்கு 4 மணி நேரம் முந்தியே போட்டுவிட வேண்டும். உண்மையில் கருத்தடையைத் தோற்கடிக்கும் மருந்துகள் வேறு: காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின், பெனிட்டோயின்.

பயந்துபோய்க் கருத்தடையை நிறுத்திவிட்டு ஸ்டட்டினை மட்டும் தொடர்வதுதான் ஆகக் கெட்ட முடிவு. கர்ப்பத்தில் ஸ்டட்டின் கூடாது என்ற கடுமையான எச்சரிக்கையை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021இல் தளர்த்தியது மெய்தான். ஆனாலும் கர்ப்பம் தெரிந்ததும் பெரும்பாலானோர் அதை நிறுத்த வேண்டும் என்பதே அதன் அறிவுரை.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பொருந்துமா? ஈஸ்ட்ரோஜன் டிரைகிளிசரைட்டை ஏற்றும். இரத்தம் உறையும் அபாயத்தையும் கூட்டும். கொலஸ்ட்ரோல் மட்டும் கூடியிருந்தால் பொதுவாக மாத்திரைக்குத் தடையில்லை. பிரஷர் 140/90ஐத் தாண்டியவர்களுக்கும், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அவர்களுக்கு ஹோர்மோனே இல்லாத செப்பு லூப் நல்ல மாற்று.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.