ராத்திரி நாலு தடவை பாத்ரூம்... அப்பாவுக்கு வெறும் வயசுதான் காரணமா?

கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு மின்சார ரயில்களில் கழிப்பறை கிடையாது. இருபத்தைந்து வயதில் இது நம் கண்ணிலேயே படாது. அறுபதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கோ, போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதே இதுதான். தாம்பரத்திலிருந்து மாம்பலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகணும் என்றால், காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கேட்டால், "வயசாச்சுல்ல, புராஸ்டேட்டா இருக்கும்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

வயசும் காரணம்தான். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் இந்தச் சுரப்பி, 60 வயதில் ஏறக்குறைய பாதி ஆண்களுக்குப் பெருக்கத் தொடங்கியிருக்கும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் ஒரே வயதுக்காரர்களில் தொப்பை, சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

தொப்பைக்கும் புராஸ்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்? வயிற்றுக் கொழுப்பு கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதை ஈடுகட்ட, கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். இன்சுலினுக்குச் செல்களை வளரத் தூண்டும் குணமும் உண்டு. புராஸ்டேட் பெருக்க அதுவும் உதவலாம் என்பது ஒரு விளக்கம். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இன்னும் ஆதாரம் வரவில்லை.

குழப்பம் இன்னொன்றும் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை எகிறினாலே சிறுநீர் அடிக்கடி வரும். ஒவ்வொரு தடவையும் நிறையப் போனால் சர்க்கரையைச் சந்தேகிக்கலாம். முக்கினாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வருது, முழுசா போன மாதிரியே இல்லை என்றால் புராஸ்டேட்டை. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் சகஜம். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது.

ஆக, அப்பாவை யூராலஜி டாக்டரிடம் அழைத்துப்போகும்போது சர்க்கரை, பிபி, கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ.தான் எல்லை. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் தினமும் அரை மணி நேரம் நடப்பது சர்க்கரைக்கும் நல்லது, இதற்கும் நல்லது. புராஸ்டேட் மாத்திரைகளில் சில, படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்ற வைக்கும். பிபி மாத்திரையும் போடுகிறார் என்றால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையிலும் கவனம் தேவை. அதிலுள்ள சில மருந்துகள், புராஸ்டேட் பெருத்தவர்களுக்குச் சிறுநீரை அடியோடு அடைத்துவிடக்கூடும். வயிறு முட்டியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள்.